தேங்காய் மழையும் ஒரு பூனையும்: உங்கள் முதல் கணினி விளையாட்டைச் செய்வது எப்படி?

இணையம் அறுந்துபோனால் குரோம் உலாவியில் ஒரு சின்ன டைனோசர் வந்து நிற்குமே, அதை ஓட்டிப் பார்க்காதவர்கள் குறைவு. கள்ளிச்செடி வந்தால் தாவ வேண்டும். தாவத் தவறினால் ஆட்டம் முடிந்தது. அது வந்தது 2014-ல். அதற்கு 33 வருடங்களுக்கு முன்பே, 1981-ல், கொனாமி நிறுவனத்தின் ஃபிராகர் விளையாட்டில் ஒரு தவளை வண்டிகளுக்கு நடுவே புகுந்து சாலையைக் கடந்துகொண்டிருந்தது. 2013-ல் வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் தனி ஆளாகச் செய்த ஃபிளாப்பி பேர்டில் ஒரு பறவை குழாய்களில் இடிக்காமல் பறந்தது. மூன்றுக்கும் விதி ஒன்றுதான்: எதிரே வருவதில் மோதாதே.

நிரல் எழுதப் பழக வருகிறவர்களை நான் நேராக இந்த வகை விளையாட்டுக்குத்தான் கூட்டிப்போவேன். கால்குலேட்டர் செய்யலாம் என்று ஆரம்பித்தால் பாதியிலேயே கொட்டாவி வந்துவிடுகிறது. இதில் அப்படி இல்லை. நகரும் ஓர் ஆள், வந்துகொண்டே இருக்கும் தடை, இரண்டும் தொட்டுக்கொண்டதா என்ற சோதனை, ஒரு மதிப்பெண். இந்த நான்கும் இருந்தால் விளையாட்டு ஓடிவிடும். ஒரு மணி நேரத்தில் முடியும். ஆனால் 'ஓடும்' என்பதற்கும் 'விளையாட நன்றாக இருக்கும்' என்பதற்கும் நடுவே இன்னொரு மதிய வேளை இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன். நாம் செய்யப்போவது, வானத்திலிருந்து விழும் தேங்காய்கள் தலையில் படாமல் ஒரு பூனை இடமும் வலமும் ஓடித் தப்பும் விளையாட்டு.

எதில் செய்வது?

ஸ்கிராட்ச். கட்டளைகள் எழுதிய பிளாக்குகளை (கட்டைகளை) ஒன்றோடு ஒன்று ஒட்டி நிரல் எழுதும் மென்பொருள். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. இப்போது நாம் பயன்படுத்துவது 2019 ஜனவரியில் வந்த மூன்றாம் பதிப்பின் தொடர்ச்சி. இலவசம். உலாவியிலேயே ஓடும். கணக்குத் தொடங்காமலும் செய்து பார்க்கலாம். இணையம் நம்பிக்கையில்லாத ஊராக இருந்தால் கணினியில் நிறுவிக்கொள்ளும் செயலியும் உண்டு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில்கூட ஸ்கிராட்ச் எட்டிப் பார்க்கிறது.

'அது சின்னப் பிள்ளைகளுடையது ஆச்சே' என்று சில கல்லூரி மாணவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். சுளிக்கட்டும். அரைப்புள்ளி விட்டுப்போனதற்காக ஒரு மணி நேரம் முழிப்பதைவிட, பிளாக்குகளை இழுத்து ஒட்டி, யோசனையைப் பற்றி மட்டும் யோசிப்பது முதல் நாளுக்கு நல்லது. கைப்பேசியில் வேண்டாம், கீபோர்டு உள்ள கணினியில் உட்காருங்கள்.

மேடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

திறந்ததும் வலது பக்கம் ஒரு வெள்ளைப் பெட்டியில் ஆரஞ்சுப் பூனை நிற்கும். அந்தப் பெட்டிதான் மேடை. அகலம் 480, உயரம் 360. நட்டநடுவில் பூஜ்யம், பூஜ்யம். எக்ஸ் என்றால் இடம் வலம்: இடது ஓரம் -240, வலது ஓரம் 240. ஒய் என்றால் மேல் கீழ்: உச்சி 180, தரை -180. இந்த எண்களை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை தேவைப்படும்.

இன்னொரு எண் 30. ஸ்கிராட்ச் ஒரு நொடிக்கு 30 தடவை மேடையைப் புதிதாக வரைகிறது. ஒரு லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், 'எக்ஸை 8 மாற்று' என்று போட்டால் நொடிக்கு 8 அல்ல, ஏறக்குறைய 240 நகரும். இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் வராது.

முதலில் பூனை

பூனையைத் தேர்ந்தெடுத்து, இடது பக்கமுள்ள பிளாக்குகளிலிருந்து இழுத்து இப்படி அடுக்குங்கள். மஞ்சள் நிறத்தில் இருப்பவை நிகழ்வுகள், நீலம் நகர்வு, ஆரஞ்சு கட்டுப்பாடு, வெளிர்நீலம் உணர்வு.

பச்சைக் கொடியை அழுத்தியதும்
– அளவை 50 சதவீதம் ஆக்கு
– எக்ஸ் 0, ஒய் -130 என்ற இடத்துக்குப் போ
– எப்போதும் திரும்பத் திரும்ப:
– – வலது அம்பு அழுத்தியிருந்தால், எக்ஸை 8 மாற்று
– – இடது அம்பு அழுத்தியிருந்தால், எக்ஸை -8 மாற்று

'எப்போதும்' என்பது ஃபாரெவர் பிளாக். 'அழுத்தியிருந்தால்' என்பதற்கு இஃப் தென் பிளாக்கின் அறுகோணப் பள்ளத்தில் கீ பிரஸ்டு பிளாக்கைச் செருக வேண்டும். மஞ்சள் பகுதியிலேயே 'இந்த விசையை அழுத்தும்போது' என்று தனி பிளாக் இருக்கிறதே, அது எளிதல்லவா என்று கேட்பீர்கள். போட்டுப் பாருங்கள். பூனை ஒரு அடி வைக்கும், ஒரு கணம் யோசிக்கும், அப்புறம்தான் ஓடும். கீபோர்டில் ஒரு எழுத்தை அழுத்திப் பிடித்தால் முதல் எழுத்து வந்து, சற்று நின்று, பிறகு கடகடவென்று வருமே, அதே கதை. தேங்காய் விழும்போது அந்த ஒரு கணம் உயிர்.

கொடியை அழுத்தி ஓட்டிப் பாருங்கள். இது முடியாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு துண்டாகச் சேர்த்து ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்க்கிறவருக்கு, பிழை வந்தால் அது கடைசியாகச் சேர்த்த துண்டில்தான் இருக்கும் என்று தெரியும். மொத்தமாக அடுக்கிவிட்டு ஓட்டுகிறவர் எங்கே தேடுவார்?

அடுத்து தேங்காய்

மேடையில் நிற்கும் பூனை மாதிரியான உருவத்துக்கு ஸ்பிரைட் என்று பெயர். புது ஸ்பிரைட் சேர்க்கும் இடத்தில் தூரிகைப் படத்தை அழுத்தினால் வரையும் பலகை வரும். ஒரு பழுப்பு வட்டம், அதில் மூன்று கரும்புள்ளி. போதும். மேடையில் சுமார் 40 அகலம் இருக்கட்டும். பலகையின் நடுவில் மெல்லிய ஒரு குறி தெரியும், வட்டத்தின் மையம் சரியாக அதன்மேல் இருக்க வேண்டும். தள்ளி வரைந்தால் நீங்கள் சொல்லும் இடம் ஒன்று, தேங்காய் நிற்கும் இடம் ஒன்றாகிவிடும்.

ஐம்பது தேங்காய்க்கு ஐம்பது ஸ்பிரைட் வரைய வேண்டாம். ஒன்றை வைத்துக் குளோன்கள், அதாவது நகல்கள், எடுக்கலாம். அசல் தேங்காய் மேடையில் தெரியவே தெரியாது. அது ஒளிந்துகொண்டு நகல்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். விழுவது நகல்களின் வேலை. அதனால் தேங்காய்க்கு இரண்டு நிரல் துண்டுகள்.

பச்சைக் கொடியை அழுத்தியதும்
– மறை
– மதிப்பெண்ணை 0 ஆக்கு
– எப்போதும் திரும்பத் திரும்ப:
– – என்னையே ஒரு குளோன் எடு
– – 1 நொடி காத்திரு

குளோனாகத் தொடங்கும்போது
– எக்ஸ் -220 முதல் 220 வரை ஏதாவது ஒன்று, ஒய் 180 என்ற இடத்துக்குப் போ
– காட்டு
– ஒய் -170-க்குக் கீழே போகும்வரை திரும்பத் திரும்ப:
– – ஒய்யை -5 மாற்று
– – பூனையைத் தொட்டால், எல்லாவற்றையும் நிறுத்து
– மதிப்பெண்ணை 1 கூட்டு
– இந்தக் குளோனை நீக்கு

'ஏதாவது ஒன்று' என்பதற்குப் பச்சைப் பகுதியில் பிக் ரேண்டம் என்ற பிளாக் இருக்கிறது. மதிப்பெண் ஒரு மாறி, அதாவது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டி. மாறிகள் பகுதியில் புதிதாக உருவாக்குங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஏற்றுக்கொள்ளும். எல்லா ஸ்பிரைட்டுக்கும் பொதுவானது என்ற தேர்வை விட்டுவிடாதீர்கள். 'காட்டு', 'போ'வுக்குப் பிறகு வருவது நல்ல பழக்கம். இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தேங்காய் தெரியட்டும்.

அந்த -170 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். தரை -180-ல் இருக்கும்போது, முழுதாக மறையட்டுமே என்று நான் முதல் தடவை -200 போட்டேன். தேங்காய்கள் அழகாக விழுந்தன. ஆனால் மதிப்பெண் பூஜ்யத்திலேயே நின்றது. மேடையின் அடியில் தேங்காய்களின் உச்சந்தலை மட்டும் வரிசையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காரணம், ஸ்கிராட்ச் எந்த ஸ்பிரைட்டையும் மேடையைவிட்டு முழுதாக வெளியே விடாது. கொஞ்சமாவது தெரியும்படி ஓரத்தில் பிடித்து நிறுத்திவிடும். 40 அகலத் தேங்காய் -185 வாக்கில் மாட்டிக்கொள்கிறது. -200-ஐ எட்டவே எட்டாது, அதனால் லூப்பும் முடியாது, குளோனும் நீங்காது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு: குளோன்களுக்கு 300 என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. நொடிக்கு ஒன்றாக ஐந்து நிமிடம் ஓடினால் அதற்குமேல் வானத்திலிருந்து ஒரு தேங்காயும் விழாது.

இப்போது ஓடுகிறது. ஆனால்...

இதுவரை செய்ததை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளிடம் கொடுத்தேன். ஏழாம் வகுப்பு. மூன்று ஆட்டம் ஒழுங்காக ஆடினாள். நான்காவதில் பூனையை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சுவரோடு சுவராக ஒட்டிவிட்டு, கீபோர்டிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"மாமா, நான் சாகவே மாட்டேன், பாருங்க."

கிட்டத்தட்ட உண்மைதான். பூனை பாதிக்கு மேல் உடம்பை மேடைக்கு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. தேங்காய் 220-க்கு அப்பால் வராது, அதனால் பூனைமேல் படுவது அபூர்வம். மதிப்பெண் தானாக ஏறிக்கொண்டே இருந்தது. நான் பத்து தடவை ஓட்டிப் பார்த்தும் இது கண்ணில் படவில்லை. செய்தவருக்கு எப்படி ஆட வேண்டும் என்று தெரியும், அதனால் அப்படியே ஆடுவார். அதுதான் சிக்கல்.

திருத்தம் இரண்டு. பூனையின் லூப்புக்குள், எக்ஸ் 210-ஐத் தாண்டினால் எக்ஸை 210 ஆக்கு, -210-க்குக் குறைந்தால் -210 ஆக்கு என்று இரண்டு இஃப் சேருங்கள். அப்புறம் தேங்காய்க்குக் கொஞ்சம் குறும்பு கற்றுக்கொடுங்கள். குளோன் தொடங்கும்போது 1 முதல் 4 வரை ஓர் எண்ணை எடுக்கட்டும். 1 வந்தால் எக்ஸ் இடத்தைப் பூனையின் எக்ஸாக வைத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் பழையபடி ஏதாவது ஓர் இடம். இனி நின்ற இடத்திலேயே நிற்கிறவர் தலையில் நிச்சயம் விழும்.

அடுத்த புகார் உடனே வந்தது. "படவே இல்லை மாமா, வாலில்தான் பட்டுச்சு!" இதிலும் அவள் பக்கம்தான் நியாயம். தொட்டதா என்பதை ஸ்கிராட்ச் படத்தின் உண்மையான வடிவத்தை வைத்துப் பார்க்கிறது. காது நுனியும் பூனைதான், வால் நுனியும் பூனைதான். ஆடுகிறவர் மனதிலோ பூனை என்பது தலையும் உடம்பும் மட்டும். நூலிழையில் தப்பினோம் என்று அவர் நினைக்கும் நேரத்தில் ஆட்டம் முடிந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

விளையாட்டு செய்கிறவர்கள் இதற்கு வைத்திருக்கும் வழி ஹிட்பாக்ஸ், அதாவது அடி பட்டதா என்று பார்ப்பதற்கு மட்டுமான ஒரு சிறிய வடிவம். புதிதாக ஒரு ஸ்பிரைட்: பூனையின் அதே ஆரஞ்சு நிறத்தில், சுமார் 30 அகலத்தில் ஒரு வட்டம். அதற்கு நிரல் சின்னது. கொடியை அழுத்தியதும் பின் அடுக்குக்குப் போ, பிறகு எப்போதும் பூனை இருக்கும் இடத்துக்குப் போ. பூனையின் உடம்புக்குப் பின்னால் அது கிட்டத்தட்ட மறைந்துவிடும். தேங்காயின் நிரலில் 'பூனையைத் தொட்டால்' என்பதை 'ஹிட்பாக்ஸைத் தொட்டால்' என்று மாற்றுங்கள். முழுதாக மறைத்துவிடலாமே என்று 'மறை' பிளாக்கைப் போட்டுவிடாதீர்கள், மறைந்திருக்கும் ஸ்பிரைட்டைத் தொட்டதாக ஸ்கிராட்ச் கணக்கில் எடுக்காது. இனி தேங்காய் காதை உரசிக்கொண்டு போகும், ஒன்றும் ஆகாது. ஆடுகிறவர் 'அப்பாடா' என்று மூச்சு விடுவார். அந்த மூச்சுக்காகத்தான் இவ்வளவும்.

மூன்றாவதாக ஒன்று, இது நானே கண்டது. 'எல்லாவற்றையும் நிறுத்து' என்ற ஸ்டாப் ஆல், நிரலை நிறுத்துவதோடு எல்லாக் குளோன்களையும் துடைத்துவிடுகிறது. அதாவது, தேங்காய் பட்ட அதே நொடியில் மேடை வெறிச்சென்று ஆகிவிடும். எது பட்டது, எப்படிப் பட்டது என்று பார்க்கவே முடியாது. கிரிக்கெட்டில் அவுட் கொடுத்துவிட்டு ரீப்ளே காட்டாத மாதிரி.

அதற்கு 'ஆட்டம்' என்று இன்னொரு மாறி. அசல் தேங்காயின் நிரலில் மதிப்பெண்ணை 0 ஆக்கும் இடத்திலேயே ஆட்டத்தை 1 ஆக்குங்கள். புதுக் குளோன் எடுப்பதும் தேங்காய் விழுவதும் பூனை நகர்வதும் ஆட்டம் 1 ஆக இருந்தால் மட்டும் நடக்கட்டும். தேங்காய் பட்டால்: ஆட்டத்தை 0 ஆக்கு, 1.5 நொடி காத்திரு, பிறகு எல்லாவற்றையும் நிறுத்து. இப்போது பட்ட கணத்தில் எல்லாம் அப்படியே உறையும். ஆடியவர் தன் தவறைக் கண்ணால் பார்ப்பார். பார்த்துவிட்டால் கொடியை மறுபடி அழுத்துவார்.

எண்களோடு ஒரு மதியம்

இனி கணக்கு. கணக்கு என்றால் பயப்பட வேண்டாம், வகுத்தல் மட்டும்தான்.

தேங்காய் 180-லிருந்து -170 வரை, மொத்தம் 350 தூரம் விழுகிறது. ஒரு தடவைக்கு 5 என்றால் 70 தடவை. நொடிக்கு 30 தடவை, ஆக இரண்டு நொடிக்குச் சற்று மேல். பூனை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் போக 420 தூரம், தடவைக்கு 8 என்றால் 53 தடவை. இரண்டு நொடிக்குள் போய்விடும். அதாவது தேங்காய் உச்சியில் தெரிந்த பிறகு பூனை எங்கே இருந்தாலும் தப்ப நேரம் இருக்கிறது. இந்த விகிதம்தான் விளையாட்டின் உயிர்நாடி. தேங்காயை -15 ஆக்கிப் பாருங்கள், முக்கால் நொடியில் விழும். அது மண்டையை உடைக்கும், அவ்வளவுதான்.

தொடக்கத்தில் மெதுவாக, போகப்போக வேகமாக இருக்க வேண்டும். வேகம், இடைவெளி என்று இரண்டு மாறிகள் எடுங்கள். அசல் தேங்காயின் தொடக்கத்தில் வேகம் -4, இடைவெளி 1. '1 நொடி காத்திரு' என்பதில் 1-க்குப் பதிலாக இடைவெளி மாறியைச் செருகுங்கள். ஒவ்வொரு குளோன் எடுத்த பிறகும், வேகம் -9-ஐவிடப் பெரிதாக இருந்தால் அதை -0.05 மாற்று. இடைவெளி 0.4-ஐவிடப் பெரிதாக இருந்தால் அதை -0.01 மாற்று. கழித்தல் குறியில் கவனம். அது விட்டுப்போனால் தேங்காய் மேலே போக முயன்று உச்சியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இந்த எண்களோடு ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஆட்டம் உச்ச வேகத்தைத் தொடும். அந்த நிலையில் ஒரு தேங்காய் விழ 1.3 நொடி ஆகும், எந்த நேரமும் மூன்று தேங்காய் வானத்தில் இருக்கும். கடினம்தான், ஆனால் முடியும். எல்லை வைக்காமல் விட்டால் யாராலும் ஆட முடியாத வேகத்துக்குப் போய்விடும்.

ஒரு நுணுக்கம். விழுந்துகொண்டிருக்கும் தேங்காய் நடுவழியில் வேகம் மாறினால் கண் வைத்த கணக்குத் தப்பும். அதனால் 'என் வேகம்' என்று ஒரு மாறி எடுத்து, உருவாக்கும்போது 'இந்த ஸ்பிரைட்டுக்கு மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு குளோனுக்கும் தனித்தனிப் பிரதி கிடைக்கும். குளோன் தொடங்கியதும் என் வேகத்தை வேகம் ஆக்கு, -5 இருந்த இடத்தில் என் வேகத்தைப் போடு. பிறந்த வேகத்திலேயே தேங்காய் தரைக்கு வரும்.

தொடக்க மதிப்புகள் எல்லாவற்றையும் அசல் தேங்காயின் ஒரே துண்டில் வைக்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. பச்சைக் கொடியை அழுத்தியதும் பல துண்டுகள் ஓடத் தொடங்கும். எது முந்தும் என்பதை நம்பி எழுதினால், போன ஆட்டத்தின் பழைய மதிப்போடு ஏதாவது ஒன்று புறப்பட்டுவிடும். 'ஒரு தடவை ஓடுகிறது, ஒரு தடவை ஓடவில்லை' என்ற வகைப் பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

சத்தம், பின்னணிப் படம், பூனை நடக்கும் அசைவு இதெல்லாம் உங்கள் விருப்பம். கடைசியில் சேருங்கள். பூனையை இடப்பக்கம் திருப்ப நினைத்தால், சுழலும் விதத்தை இடம் வலம் மட்டும் என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் தலைகீழாக நடக்கும். அதையும் ஒரு தடவை பார்க்கலாம், சிரிப்பாக இருக்கும்.

கோப்பு மெனுவில் போய்க் கணினியில் சேமிக்க மறக்காதீர்கள். கணக்கு இல்லாமல் உலாவியில் செய்தவர்களுக்கு வேறு பிரதி கிடையாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேங்காய் 1, தேங்காய் 2 என்று தனிப்பெயரில் சேமித்தால், கெட்டுப்போனால் திரும்பிப் போகலாம்.

பிறகு பைத்தான் என்ற நிரல் மொழிக்குப் போகிறவர்கள், அதில் விளையாட்டு செய்ய உதவும் பைகேம் தொகுப்பில் இதையே மறுபடி செய்து பாருங்கள். அங்கே 'எப்போதும்' பிளாக்குக்குப் பதில் நீங்களே ஒரு வைல் லூப் எழுதுவீர்கள், நொடிக்கு எத்தனை தடவை என்பதையும் நீங்களே சொல்வீர்கள், குளோன்களுக்குப் பதில் தேங்காய்களின் பட்டியல் ஒன்று இருக்கும். எண்கள் அப்படியே கைகொடுக்கும். அங்கே ஒய் தலைகீழ்: உச்சி பூஜ்யம், கீழே போகப்போகக் கூடும்.

கடைசி வேலை, விளையாட்டே ஆடாத ஒருவரிடம் கொடுப்பது. எந்த விசை என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பின்னால் நில்லுங்கள். எங்கள் வீட்டில் அக்காவை உட்காரவைத்தோம். மூன்றாவது தேங்காயிலேயே அவுட். மறுபடி ஆடினாள், நான்காவதில் அவுட். "என்னடா இது, யோசிக்கவே விடமாட்டேங்குது" என்று எழுந்துவிட்டாள். மகள் ஒன்றும் பேசாமல் மவுஸை வாங்கி, இடைவெளியின் தொடக்க மதிப்பை 1-லிருந்து 1.4 ஆக்கி, "இப்ப ஆடும்மா" என்றாள். அன்று இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்குத்தான் ஆயிற்று.